ரேடியோ வைத்த வீடு

— கைய எடுங்க தம்பி அதுமேல இருந்து.

— நான் ஒண்ணும் பண்ணலீங்களேம்மா. தூசி தட்டுனேன்.

— திரைக்குப் பின்னால நிக்கிறேன்னா கண்ணு தெரியாம நிக்கிறேன்னு நெனைச்சீங்களா? தூசி மேல இருக்கு. நீங்க பின்னால கைய விட்டு ஒயரை உருவுறீங்க.

— சரிங்கம்மா, விட்டுட்டேன். பாருங்க, ரெண்டு கையும் மடியில இருக்கு.

— தெருக்கதவு தெறந்துதானே இருக்கு?

— விரியத் தெறந்து வெச்சிருக்கேன். போறவன் வர்றவன்லாம் என்னை எட்டிப் பாத்துட்டுத்தான் போறான்.

— பாக்கட்டும். சபராளி பொண்டாட்டி தனியா இருக்குற வீடு. புருசன் கப்பலேறிப் போனவளுக்குக் கதவு சாத்தியிருந்தா ஊருல ஒரு பேரு வெச்சுடுவாளுவ. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இப்பச் சொல்லுங்க, யாரு இதைத் தூக்கிட்டு வரச் சொன்னா?

— வேற யாரு, எங்க மொதலாளிதான். "வைத்தியலிங்கம், ஆஸியா பீவியம்மா வீட்டு ரேடியோவ எடுத்துட்டு வாய்யா, அங்க அதோட வேலை முடிஞ்சிடுச்சு"ன்னாரு. நான் கடை ஆளு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.

— வேலை முடிஞ்சிடுச்சாமா? பெட்டி என்ன கொத்தனாரா, வேலை முடிஞ்சதும் மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்புறதுக்கு?

— நல்லாப் பேசறீங்கம்மா.

— கொண்டாந்து வெக்கிறப்போ நீங்க என்ன சொன்னீங்க? "சும்மா இருக்கட்டும்மா, பாடுனா கேளுங்க, புடிக்கலன்னா நானே வந்து எடுத்துக்கறேன்"ன்னீங்க. புடிக்கலன்னு நான் சொன்னேனா?

— சொல்லலீங்க.

— பொறவு?

— புடிச்சவங்கள்லாம் வாங்கிட்டாங்களேம்மா. அதான் விசயம். தெருவுல தலையத் தூக்கிப் பாருங்க, வீட்டுக்கு வீடு ஏரியல் கம்பி. காக்காய்க்கு இனிமே ஒக்கார எடத்துக்குப் பஞ்சமே இல்ல. இது நாலு பேருக்குக் காட்டுறதுக்காக வெச்ச பெட்டி. பாக்குறதுக்கு ஆளே இல்லாத எடத்துல காட்டுற பெட்டி எதுக்குன்னு மொதலாளி கேக்குறாரு. அடுத்தாப்புல கோவில்பத்துல ஒரு வீடு பாத்து வெச்சிருக்காரு. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அங்க போயாகணும்.

— அங்கயும் இப்படித்தானா? கூடத்துல வெச்சு, பூத்துணி போட்டு, "சும்மா இருக்கட்டும்மா"ம்பீங்களா?

— அதான் வழக்கம்.

— எதிர்வீட்டு ஜன்னத்துல் பிர்தௌஸ் மொத நாளு வந்தது நெனப்பு இருக்கா உங்களுக்கு? நீங்க வாசல்ல நின்னுக்கிட்டுதான் இருந்தீங்க.

— அவங்கதானேம்மா இந்தத் தெருவுல மொத ஆளா வாங்குனாங்க. எப்படி மறப்பேன்.

— வாங்குனது உங்களுக்கு நெனப்பு. எனக்கு வேற நெனப்பு. பாட்டு முடிஞ்சு ஒரு ஆம்பளை பேசுனான் பாருங்க, "நேயர்களே"ன்னு. இவ வெடுக்குனு முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டா. அவளைப் பாத்து ரெண்டாவது ஆளு, மூணாவது ஆளு, கூடத்துல இருந்த அத்தனை பேரும். அவன் சிலோன்ல ஏதோ ஒரு அறைக்குள்ள ஒக்காந்து பேசுறான், இவளுக இங்க மூஞ்சிய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்காளுவ. கம்பவுண்டர் சம்சாரம் சொர்ணாம்பாள் இருக்காங்களே, அவங்களும் இவளுகளைப் பாத்துட்டு முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டாங்க. நான் சிரிச்ச சிரிப்புல எனக்குப் புரையேறிடுச்சு.

— இதை மொதலாளிகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாரு.

— அல்லா மேல ஆணையாச் சொல்றேன் தம்பி, இந்த வீட்டுல நான் அப்படிச் சிரிச்சு எத்தனையோ வருசம் ஆச்சு. அன்னைக்கு எல்லாரும் போன பொறவு ஒக்காந்து அழுதேன். என்னத்துக்குன்னே தெரியல. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாங்கம்மா. பெட்டியைக் கொடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குக் கெளம்பிடுவேன்.

— இருங்க, கோவில்பத்து எங்கயும் ஓடிடாது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நெசத்தைச் சொல்லணும். இந்தத் தெருவுல எத்தனை வீடு இருக்கு. வசதியான வீடு இருக்கு, மாடி வீடு இருக்கு. அதையெல்லாம் விட்டுப்புட்டு நேரா என் வீட்டுப் படி ஏறுனீங்களே, எதுக்கு?

— கூடம் பெருசுங்கம்மா. நாலு பேரு வந்தா ஒக்கார வசதி.

— நெசத்தைச் சொல்லுங்கன்னேன்.

— சொன்னா வருத்தப்படுவீங்க.

— வருத்தப்படுறது எனக்கென்ன புதுசா? சொல்லுங்க.

— மொதலாளி ஒரு கணக்கு வெச்சிருக்காருங்க. "ஆம்பளை இருக்குற வீட்டுல வெச்சா அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க உள்ள வர யோசிப்பாங்க. புள்ளைங்க இருக்குற வீட்டுல வெச்சா திருகித் திருகியே ஒடைச்சிடும். மாமியா இருந்தா வர்றவங்கள முறைச்சே வெரட்டிடும். யாருமில்லாத வீடாப் பாரு. தனியா இருக்குற அம்மாவாப் பாரு. அவங்கதான் வா வான்னு கூப்புடுவாங்க. வந்தவங்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுப்பாங்க, இன்னொரு பாட்டு கேட்டுட்டுப் போயேன்னு கையப் புடிச்சு ஒக்கார வெப்பாங்க. நம்ம ஆளு பேசுறதை விட அவங்க பேசுறதுதான் விக்கும்"னு சொன்னாரு. அம்மா, இருக்கீங்களா? திரை அசையவே இல்லியே.

— இருக்கேன். எங்க போவப் போறேன்.

— நான் சொல்லியிருக்கக் கூடாது.

— உங்க மொதலாளி கெட்டிக்காரருதான். பெத்த உம்மாவுக்குக்கூட என்னைப் பத்தி இவ்வளவு தெரியாது. தேத்தண்ணி போடுவேன்னு கூடத் தெரிஞ்சிருக்கே.

— மனுசங்களைப் படிக்கிறவருங்கம்மா அவரு. உங்களுக்குன்னு பெட்டி தேர்ந்தெடுக்குறப்போ கூட, "அந்த அம்மா வீட்டுக்காரரு சைகோன்ல இருக்காரு, கண்ணாடியில சைகோன் பேரு போட்டிருக்குற பெட்டியாப் பாத்து எடுத்துக்கிட்டுப் போ"ன்னாரு.

— அதுவும் அவரு யோசனைதானா?

— ஆமாங்க.

— நீங்க விரல வெச்சுக் காட்டுனீங்களே தம்பி. "இந்தா இருக்கு பாருங்கம்மா, முள்ள இங்க கொண்டாந்தா சைகோன்"னு. எனக்கு அந்த எழுத்து தெரியாது. அந்த எடத்துல கண்ணாடி மேல ஒரு பொட்டு மை வெச்சுக்கிட்டேன். தெனம் கொண்டுபோயி நிறுத்துவேன். இரைச்சல்தான். கடலு இரைச்சலு மாதிரி. சில நாளு நடுவுல யாரோ பேசுற மாதிரி இருக்கும். காதை ஒட்ட வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன். அவுஹ குரலா வரப் போவுது? பைத்தியம். ஆனா ஒக்காந்திருப்பேன்.

— கடுதாசி வருதுங்களா அவருகிட்டேருந்து?

— பிரெஞ்சுக்காரன் இங்க இருந்த வரைக்கும் கப்பலுக்குக் கப்பல் ஏதாச்சும் வரும். அவன் கொடிய எறக்கிட்டுப் போனான், அதோட அதுவும் கொறைஞ்சுபோச்சு. கொடி மேல பழியப் போட்டு என்ன செய்ய. அங்கன அவுஹளுக்கு ஒரு வீடு இருக்கு. பொண்டாட்டி இருக்கா, புள்ளைங்க இருக்கு. ஊருக்கே தெரிஞ்சதை நான் எதுக்கு மறைக்கணும். மாசாமாசம் செலவுக்கு மட்டும் ஒழுங்கா வந்துடும். வவுத்துக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி.

— மனசு கஷ்டமா இருக்கும்மா.

— ஒங்களுக்கு என்னத்துக்கு? சரி, இதைக் கேளுங்க. இந்தப் பெட்டியில வர்றதுல எனக்கு எது ரொம்பப் புடிக்கும், சொல்லுங்க பாப்போம்.

— பழைய பாட்டா இருக்கும்.

— இல்ல.

— நாடகம்?

— சோப்பு விளம்பரம்.

— மொதலாளி கேட்டா உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடுவாரு! விளம்பரத்தைக் கேக்க ஆசைப்படுற ஒரே ஆளு இந்த ஜில்லாவுல நீங்கதான்.

— சோப்புக்காக இல்ல. பாட்டு ஓடுறப்போ ஒருத்தி வாயத் தெறக்க மாட்டா. சுவத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாளுவ. நான் ஏதாச்சும் கேட்டா "உஸ்"ம்பாளுவ, என் வீட்டுலேயே. விளம்பரம் வந்துச்சுன்னா அத்தனை பேரும் பேசுவாளுவ. "ஆணம் மணக்குதே, என்ன மீனு இன்னைக்கு?"ம்பா ஒருத்தி. "கால் வீக்கம் வத்துச்சா லாத்தா?"ம்பா இன்னொருத்தி. நான் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாட்டு வந்துடும், பாதியில நிறுத்திக்கணும். யா அல்லா, இவன் இன்னும் ரெண்டு சோப்பு வித்துட்டுப் போகட்டுமேன்னு நான் துஆ கேட்டிருக்கேன், தெரியுமா? சிரிங்க தம்பி, பரவால்ல.

— சிரிப்பு வரலீங்கம்மா.

— இப்ப அவ அவ வீட்டுல விளம்பரம் வர்றப்போ யாரோட பேசுறாளோ. எதிர்வீட்டு ஜன்னத்துக்குக் கால வெச்சா நாலு எட்டு. வந்து ரெண்டு மாசம் இருக்கும். கேட்டா, "நீங்கதானே லாத்தா நல்ல பெட்டி, வாங்கிக்கன்னு சொன்னீங்க"ம்பா. ஆமா, நான்தான் சொன்னேன். வர்றவளுக்கெல்லாம் சொன்னேன். சொர்ணாம்பாளுக்குப் புருசன்கிட்ட எப்படிப் பேச்செடுக்கணும்னுகூடச் சொல்லிக் குடுத்தேன். நல்லதை நாலு பேருக்குச் சொல்றோம்னு பெருமை எனக்கு. ஒவ்வொருத்தி வீட்டுக்கும் பெட்டி போறப்போ, என் கூடத்துல ஒரு பாயைச் சுருட்டுறேன்னு தெரியல.

— இப்ப கூட எதிர்வீட்டுல பாடுது. கேக்குது பாருங்க.

— பக்கத்து வீட்டுலயும் அதே பாட்டுதான். அதுக்கு அடுத்த வீட்டுலயும். தெருவுல ஒருத்தி தலை தெரியாது. நான் இதைத் திருகவே வேணாம்.

— அப்படின்னா பெட்டி எதுக்கும்மா உங்களுக்கு? கோவிச்சுக்காதீங்க. தெருவே பாடுறப்போ, இது இருந்தா என்ன, போனா என்ன?

— ஒருத்தி இன்னும் வர்றா.

— யாரு?

— ஒரு பொண்ணு. ஒருத்தி மட்டும் வர்றா. சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வருவா, பொழுது அடையுறப்போ மஃரிபு பாங்கு சொல்றதுக்கு முன்னாடி போயிடுவா. அந்தத் தூணோரமாத்தான் ஒக்காருவா.

— வீட்டுல பெட்டி இல்லாதவங்களா?

— இல்லாததுனாலதானே வர்றா. அதுக்குத்தான் சொல்றேன், இதைத் தூக்கிட்டுப் போயிடாதீங்கன்னு. எனக்கு வேற என்ன தம்பி இருக்கு?

— அட, இதை மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா! அப்ப விசயம் முடிஞ்சுபோச்சு. நான் மொதலாளிகிட்டப் பேசிடறேன். அந்த ஒரு வீட்டுலயும் நீங்க ஒரு வார்த்தை சொல்லி ஒரு பெட்டி எறக்கி வெச்சிடுங்க. இது உங்களுக்கே. இனாமா. நானே அவரு வாயால சொல்ல வெக்கிறேன். இத்தனை வீட்டுக்குச் சொன்ன அம்மாவுக்கு இது கூடச் செய்யலன்னா எப்படி? என்னம்மா, சந்தோசந்தானே?

— உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?

— ஆச்சுங்க. சுரக்குடியில இருக்கா. மங்கையர்க்கரசின்னு பேரு.

— உங்க வீட்டுல ரேடியோ இருக்கா?

— எங்கங்க. நாள் பூரா இதோட மாரடிக்கிறேன். வீட்டுலயாச்சும் காதுக்கு நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

— அவங்க என்ன செய்வாங்க நாள் பூரா?

— வீட்டு வேலைதான். நான் போறப்போ தூங்கியிருப்பா.

— நல்ல மொதலாளி, நல்ல ஆளு. ஏன் தம்பி, கூட்டிக் கழிச்சுப் பாக்க மாட்டீங்களா? அந்தப் பொண்ணு வீட்டுல ஒரு பெட்டி வந்துடுச்சுன்னா, அவ என் வீட்டுக்கு எதுக்கு வருவா? இனாமாக் கெடைச்ச பெட்டியக் கட்டிக்கிட்டு நான் மட்டும் ஒக்காந்திருக்கணுமா?

— அது... நான் அந்த வழியா யோசிக்கல.

— அவ பெரிசா ஒண்ணும் பேசமாட்டா. நான் இறால் வெச்சு வாடா சுட்டு வெப்பேன், உங்க வடை மாதிரி. சுடச்சுட ஒண்ணு எடுத்து ரெண்டாப் பிச்சு, பெரிய பாதிய என் கையில குடுப்பா. நானே சுட்டது, எனக்கே குடுப்பா. அதைத் திங்கிறதுக்குன்னு நான் மத்தியானம் அரை வவுறு வெச்சிருப்பேன். ஒரு நாளு அவ வரல, காய்ச்சல். அன்னைக்கு நான் அடுப்பே பத்த வெக்கல தம்பி. ஒருத்திக்காக எதுக்கு அடுப்புன்னு தோணிடுச்சு. அந்த ஒருத்தி நான்தான்.

— அம்மா...

— எனக்கு ஒரு வாக்குக் குடுக்கணும் நீங்க. பெட்டிய இன்னும் கொஞ்ச நாளைக்கு விட்டு வைங்க. அவ வீட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அவ மாமனாரே கடைக்கு வந்து கேட்டாலும், சரக்கு இல்ல, மெட்ராஸ்லேருந்து வரல, எதையாச்சும் சொல்லுங்க. பொய்யி என் மேல எழுதட்டும், மறுமையில நான் பதில் சொல்லிக்கறேன்.

— நீங்க இவ்வளவு சொன்ன பெறகு நான் அந்தப் பக்கம் போவேனாம்மா? வாக்குத் தர்றேன். மொதலாளியை நான் பாத்துக்கறேன். எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்க, அந்தத் தெருவையே விட்டுச் சுத்திப் போறேன்.

— பள்ளிவாசலுக்குப் பின்னால. நாகூர் மீரான் வீட்டு மருமவ. மெஹர் பானு. என்ன தம்பி, தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க?

— நாகூர் மீரான் வீடா? பச்சைக் கதவு போட்ட வீடு?

— அதேதான். ஏன்?

— அந்த வீட்டுல எறக்கியாச்சுங்கம்மா.

— எதை?

— பெட்டியை. நோன்புப் பெருநாளைக்கு முன்னாடியே எறக்கியாச்சு. நான்தான் மாடியில ஏறி ஏரியல் கட்டுனேன். இதை விடப் பெரிய பெட்டி. அன்னைக்குத் திரைக்குப் பின்னால இருந்து ஒரு சின்னக் குரல், "சிலோன் எடுக்குமா?"ன்னு கேட்டுச்சு. எடுக்கும்மான்னேன்.

— இருக்காது. அவ நேத்து கூட வந்தா.

— உங்க வீட்டுலேருந்து பாத்தாப் பள்ளிவாசல் மறைக்கும், கம்பி தெரியாது. நான் பொய் சொல்லலீங்கம்மா.

— உங்க வீட்டுல எப்ப வாங்கப் போறீங்கன்னு நான் அவகிட்ட ஒரு நாளு கேட்டேன். சிரிச்சா. அவ்வளவுதான். வாடாவைப் பிச்சுக் குடுத்துட்டு சிரிச்சா.

— அம்மா, இது நல்ல சேதிதானே! வீட்டுல அவ்வளவு பெரிய பெட்டி இருக்குறப்போ இந்தச் சின்னப் பெட்டிக்காகவா வருவாங்க? உங்களைப் பாக்கத்தான் வர்றாங்க.

— அவ மாமியாளை உங்களுக்குத் தெரியாது. ஊறுகா ஜாடிக்கே பூட்டுப் போடுறவ. சொல்லுங்க தம்பி. பெட்டியை எங்கன வெச்சிருக்காங்க?

— அலமாரிக்குள்ளதாங்க வெக்கச் சொன்னாங்க. மவன் சிங்கப்பூர்லேருந்து வந்துதான் தெறக்கணும்னு, நான் இருக்குறப்பவே பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாங்க.

— அப்படிச் சொல்லுங்க.

— அதுக்காக, பாட்டுக்காக மட்டும்தான் இங்க வர்றாங்கன்னு ஆயிடுமா?

— ஆகாதுன்னும் சொல்ல முடியாதே. நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. உங்க மொதலாளி கணக்குலயும் இதுக்கு விடை இருக்காது.

— விடுங்கம்மா. எதுக்காக வந்தா என்ன, வர்றாங்கள்ல? நான் கடையில போயி, வால்வு போயிடுச்சு, இப்போதைக்குத் தூக்க முடியாதுன்னு சொல்லிடறேன். பெட்டி இங்கேயே இருக்கட்டும். அவங்க பாட்டுக்கு வரட்டும், நீங்க பாட்டுக்கு வாடா சுடுங்க. மொதலாளிகிட்ட ஒரு ஏச்சு வாங்குவேன், அவ்வளவுதான். நான் கெளம்பறேன்.

— நில்லுங்க.

— சொல்லுங்கம்மா.

— அஸர் பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கா?

— இருக்குங்க. இப்பத்தான் வெயிலு சாயுது.

— அப்ப அந்த ஒயரை உருவுங்க.

— அம்மா?

— உருவுங்க தம்பி. பெட்டியைத் தூக்கிக்குங்க. பூத்துணியும் வேணாம், சேத்து எடுத்துக்கிட்டுப் போங்க. கூடம் வெறுங்கூடமா இருக்கணும்.

— வேணாங்கம்மா. நான் சொல்றதைக் கேளுங்க. ஒருவேளை அவங்க திரும்பிப் போயிட்டாங்கன்னா, இருக்குற ஒருத்தரும் உங்களுக்கு இல்லாமப் போயிடும். இவ்வளவு நேரம் எதுக்காக என்கிட்டக் கெஞ்சுனீங்க?

— அழுதா அழுதுட்டுப் போறேன், எனக்குப் பழக்கம்தான். கெளம்புங்க. இப்பவே வாடாவுக்கு மாவு கரைக்கப் போறேன். பாட்டு இல்லாம, பெட்டி இல்லாம, எனக்காக மட்டும் ஒருத்தி இந்தப் படி ஏறி ஒக்காருவாளான்னு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்.